பிக்கப் மூளை, ஸ்போர்ட்ஸ் உடம்பு

அமெரிக்கக் காயலான் கடையில் கிடக்கும் சில்வராடோ பிக்கப்பின் 5.3 லிட்டர் வி8 எஞ்சினைக் கழற்றி, 1.3 லிட்டர் ரோட்டரி எஞ்சின் இருந்த மாஸ்டா ஆர்எக்ஸ்-7-க்குள் இறக்குவது அங்குள்ள கார் பித்தர்களின் வாரக்கடைசி வழிபாடு. 4எல்60இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் சீதனமாகக் கூடவே வரும்.

இறக்கியாயிற்று. இடம் மாறிய சேதி எஞ்சினோடு வந்த பிக்கப் கம்ப்யூட்டருக்குத்தான் தெரியாது. லேப்டாப்பை மாட்டித் திருட்டுத் தடுப்பை அணைக்காவிட்டால் வண்டி ஓடாது. டயர் அளவையும் பின் அச்சு விகிதத்தையும் திருத்தாவிட்டால் ஸ்பீடோமீட்டர் புளுகும், கியர் வேளைகெட்ட வேளையில் மாறும்.

அசல் கூத்து காற்றுக் குழாயில். அகலமான புதுக் குழாயை மாட்டியதும், காற்றை அளக்கும் மாஃப் சென்சார் குறைத்துச் சொல்லும். எஞ்சினின் டார்க்கும் குறைவென்றே கம்ப்யூட்டர் கணக்குப் போடும். அதை நம்பிக் கியர்பாக்ஸில் ஆயில் அழுத்தம் குறையும். உள்ளே மூன்றாம், நான்காம் கியர்களுக்கான 3-4 கிளட்ச் வழுக்கிக் கருகும்.

போதாக்குறைக்கு, கியர் மாறும் நொடியில் டார்க்கைத் தணிக்கும் ஏற்பாட்டையும் வீரத்துக்கு இழுக்கென்று உரிமையாளர் பூஜ்யமாக்கியிருப்பார்.

புது கிளட்ச் செட்டுக்கு ஆர்டர் போடும்போதும் அவர் திட்டுவது கியர்பாக்ஸைத்தான்.