பச்சைக்கிளிக்கு எதற்குப் பச்சை அட்டை?

கே: சான் பிரான்சிஸ்கோ குளிருக்கு எனக்கே ஸ்வெட்டர் போதவில்லை. டெலிகிராஃப் ஹில் கிளிகள் எப்படிச் சமாளிக்கின்றன?
– ஒரு வாசகி, ஃப்ரீமான்ட்

ப: வயிறு நிறைந்தால் பாதிக் குளிர் போச்சு! ஈக்வடார், பெரு காடுகளின் செந்தலைக் கிளிகள் அவை. கூண்டில் வளர்க்கக் கொண்டுவந்து, தப்பியோ விடப்பட்டோ ஊருக்குள் குடியேறியவற்றின் வாரிசுகள். பழம், விதை, பூ என்று வருடம் முழுக்கத் தோட்டத்துப் பந்தி. மனிதர்களும் ஊட்டிவிட்டுச் செல்லம் கொடுக்க, 2007-இல் நகரசபை பொது இடத்தில் தீனி போடத் தடை விதித்தது.

குஞ்சுகளுக்குத் தலையும் பச்சைதான். வயது ஏற ஏறத்தான் சிவக்கும். நமக்கு நரைப்பது மாதிரி. என்ன, அவை சாயம் தேடி அலைவதில்லை.

2023-இல் நகரத்தின் அதிகாரபூர்வ விலங்காகவே அறிவித்துவிட்டார்கள். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் நம்மவர்கள் வயிறெரிந்து என்ன செய்ய? அவற்றுக்கு உடம்பே பச்சை!