வேடர் காலணி: ஓர் ஆய்வு

ஆய்வின் எல்லை

எல்லை வகுக்காமல் எந்த ஆய்வேடும் தொடங்குவதில்லை. இந்த ஆய்வுக்கு வடக்கே கணுக்கால், தெற்கே உள்ளங்கால். களம், அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரை. அங்கே லாங் ஐலண்ட் தீவின் கிழக்கு நுனியில் மான்டாக் என்றொரு ஊர். 1796இல் கட்டி முடித்த கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது. அதன் கீழே, பாசி படர்ந்த பாறைகளின் மேல், இலையுதிர்காலத்து நள்ளிரவில், வீடு வாசல் உள்ள மனிதர்கள் இடுப்பளவு தண்ணீரில் தூண்டிலோடு நிற்கிறார்கள். உடம்பில் வரி வரியாகக் கோடு ஓடும் பாஸ் மீனுக்காகத்தான் இத்தனை பாடு.

சொல்லாய்வு

இவர்கள் மார்பு வரை ஏற்றிக் கட்டும் நீர்புகாத கால்சட்டைக்கு ஆங்கிலத்தில் ‘வேடர்’ என்று பெயர். தமிழ் வாசகருக்குக் கண்ணப்பர் நினைவு வருவது இயற்கை. தொடர்பு அறவே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது: செருப்புக் காலைச் சரியான இடத்தில் ஊன்றியதால் பெயர்பெற்ற வேடர் அவர். மான்டாக்கிலும் சிக்கல் அதேதான். எங்கே ஊன்றுவது, எதைப் போட்டுக்கொண்டு ஊன்றுவது?

ஆய்வு இடைவெளி

1982 செப்டம்பர் 21 இரவு, புயல் காற்றில், அட்லான்டிக் சிட்டியின் கல்லணை ஒன்றில் நின்று ஆல்பர்ட் மெக்ரெனால்ட்ஸ் என்பவர் 78 பவுண்டு 8 அவுன்ஸ் எடையில் அதே இனப் பாஸ் மீனைக் கரையேற்றினார். ஏறத்தாழ 35.6 கிலோ. அந்தச் சாதனை 2011 வரை நின்றது. சாதனைப் பட்டியலில் எடை இருக்கிறது, தேதி இருக்கிறது. நனைந்த கல்லின் மேல் அவரை நிறுத்தி வைத்த காலணிக்குக் கட்டமே இல்லை. இந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

முன்னோர் கண்ட நெறி

மாசசூசெட்ஸின் கட்டிஹங்க் தீவில் 1864இல் நியூயார்க் பணக்காரர்கள் மீன்பிடி மன்றம் ஒன்று தொடங்கினார்கள். பாறைகளின் மேல் கடலுக்குள் நீளும் மரப்பரண்களைக் கட்டினார்கள். தூண்டிலில் இரை மாட்டவும், மீனைச் சுண்டியிழுக்கத் தண்ணீரில் தீனி எறியவும் கூலிக்கு ஆள் வைத்தார்கள். கனவான்கள் பரணில் இருந்தார்கள், காலணி நனையவில்லை. பூட்ஸ் நீடித்து உழைக்க இதைவிடச் சிறந்த வழியை இதுவரை யாரும் சொல்லவில்லை. பரண் கட்ட வசதியில்லாதவர்களுக்கு மட்டும் ஆய்வு தொடர்கிறது.

அடித்தள இயல்

சோல் மூவகைப்படும்: ரப்பர், ஃபெல்ட், லாடம் அடித்தது.

வெறும் ரப்பர் மணலுக்குப் போதும். பாசிப் பாறையில் வாழைப்பழத் தோலுக்கு அண்ணன். ஃபெல்ட் என்பது அழுத்திய கம்பளம். வழுவழுப்பான ஆற்றுக் கல்லைக் கவ்வும், ஆனால் குடித்த தண்ணீரை எளிதில் விடாது. அந்த ஈரத்தில் நுண்பாசி ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் பயணச்சீட்டு இல்லாமல் போகிறது என்று நியூசிலாந்து 2008இல் அதைத் தடை செய்தது. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலம் 2011இல் தடை விதித்து 2016இல் நீக்கிக்கொண்டது. ஒரு சோலுக்காகச் சட்டம் இயற்றி, அதே சோலுக்காகச் சட்டத்தைத் திரும்பப் பெற்ற பெருமை அந்த மாநிலத்துக்கு உண்டு.

மூன்றாவது லாடம். இங்கே மோஸ் அளவுகோல் உதவிக்கு வருகிறது. மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். அதன் கடினம் 7. சாதாரண இரும்பாணி 6ஐயே எட்டாது. அதாவது ஒவ்வோர் அடியிலும் கடற்கரை ஆணிக்கு அரம் போடுகிறது. டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த ஆணியின் கடினம் 9க்கு அருகில், மணல்தான் தேயும். ஆணிக்குப் பதில் சோலில் முடுக்கும் அலுமினியப் பட்டை இதற்கு நேர் எதிர். அது பாறைக்குள் இறங்குவதில்லை, பாறையின் முனைகள் அதற்குள் இறங்குகின்றன. பிடி அபாரம். ஆயுள்தான் சோப்புக் கட்டியைப் போலக் கரையும்.

உலோகவியல்

1800இல் அலெஸ்ஸான்ட்ரோ வோல்டா துத்தநாகத்தையும் செம்பையும் அடுக்கி, இடையே உப்பு நீரில் நனைத்த துண்டுகளை வைத்து மின்கலம் செய்தார். அலுமினியப் பட்டையை ஸ்டெயின்லெஸ் திருகால் முடுக்கிக் கடலில் இறங்குபவர் அதே சோதனையைக் காலடியில் நடத்துகிறார். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. வோல்டா குறை சொல்லியிருக்க மாட்டார். அலுமினியம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். பருவ முடிவில் பூட்ஸைத் திருப்பிப் பார்த்தால் திருகுத் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகினால் மணிக்கட்டுதான் சுழலும்.

மணலியல்

லேஸ் கோக்கும் வளையங்கள் இரும்பென்றால் துரு முதலில் அங்கேதான் குடியேறும். துருவின் விளிம்பு லேஸை அறுக்கும், அறுபட்ட லேஸ் இரவு இரண்டு மணிக்குத் தண்ணீருக்குள் அவிழும். முடிச்சே வேண்டாம், குமிழைத் திருகினால் மெல்லிய கம்பி இறுகும் என்றொரு ஏற்பாடும் உண்டு. பனிச்சறுக்குக்கு உகந்தது. கடற்கரையில் ஒரு சிட்டிகை மணல் குமிழுக்குள் புகுந்தால் காலணி காலை விடாது; பூட்ஸோடு படுப்பதா, அறுத்தெறிவதா என்ற கேள்வி எழும்.

ஆகவே மணற்கரைக்காரர்களில் பலர் வேடரோடு ஒட்டியே வரும் ரப்பர் பூட்ஸை விரும்புகிறார்கள். லேஸ் இல்லை, வளையம் இல்லை, மணல் புக வழியில்லை. குறை ஒன்று: பூட்ஸ் கிழிந்தால் கால்சட்டையும் உடன்கட்டை ஏறும். தனி பூட்ஸ் வாங்குபவர், வேடரின் நியோபிரீன் காலுறைக்கு இடம்விட்டு ஓர் அளவு பெரிதாகத்தான் வாங்க வேண்டும். கடையில் வெறுங்காலோடு போட்டுப் பார்த்து வாங்கியவர்கள் விரல் மரத்துக் கரையேறியிருக்கிறார்கள்.

குற்றவாளியைக் காணல்

பாறை, உப்பு, மணல் மூன்றையும் விசாரித்தாயிற்று. நான்காவது சந்தேக நபரின் பெயர் கார் டிக்கி. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் சிலவகைப் பாலியூரித்தேன் சோல்கள் நீராற்பகுப்பில் சிதையும். அலமாரியில் நடக்காமலே கிடந்த பூட்ஸ் ஒருநாள் ரஸ்க் மாதிரி உதிர்வது இதனால்தான். தோல் என்றால் உப்போடு காய்ந்து வெடிக்கும். செயற்கைத் துணி அந்த அளவுக்குப் படுத்தாது. மூடிய டிக்கியில், வெயிலில், ஈர பூட்ஸுக்கு இவை எல்லாமே ஒருசேர வாய்க்கின்றன.

விடியற்காலையில் வீடு திரும்பும் மீன்பிடிப்பாளரைக் கவனித்தால் போதும். தூண்டில் சுருளைக் குழாயடியில் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் கழுவுகிறார். கோலைத் துடைக்கிறார். மீனுக்கு ஐஸ் போடுகிறார். டிக்கியை மூடிவிட்டுக் காபி குடிக்க உள்ளே போகிறார். ஒரு வாளி நல்ல தண்ணீர் முற்றத்திலேயே இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை டிக்கியைத் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ‘இப்போதெல்லாம் எவனும் ஒழுங்காகப் பூட்ஸ் தைப்பதில்லை’ என்பார்.