இடைவேளைக்கு அப்பால இன்னா ஆச்சு, மாமா?

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் நாளில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. முன்னதாகவே அறிவிப்பு வந்துவிடும், படகுகள் கரையேறிவிடும். தீவில் விஞ்ஞானிகள் எண்களைத் தலைகீழாக எண்ணிக்கொண்டிருக்க, ஏரிக்கு இந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் ஒரு கூட்டம் செய்ய வேலையின்றி உட்கார்ந்திருக்கும். இந்திய விண்வெளித் துறையால் பயனடைந்தவர்கள் என்று யாராவது பட்டியல் எடுத்தால், அதில் சீன் மாமாவையும் மறக்காமல் சேர்க்க வேண்டும். 1971-ல் அங்கிருந்து முதல் சிறு ராக்கெட் கிளம்பிய நாள்தொட்டு அவருக்கும், அவருக்கு முன்னால் அந்த மரத்தடியை ஆண்டவர்களுக்கும் ஆள் சேர்க்கும் கவலை இருந்ததில்லை.

சீன் மாமா என்பது ஓர் ஆளின் பெயரல்ல. கோட்டைக்குப்பத்தில் ஒருவர் இருப்பார், ஆண்டிக்குப்பத்தில் ஒருவர் இருப்பார். லைட்ஹவுஸ் குப்பத்தில் இரண்டு பேர் இருக்கக்கூடும். இருந்தால் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இருக்காது. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். அடையாள அட்டையில் தொழில் மீன்பிடி என்று போட்டிருக்கும். உண்மையான தொழில், பழைய படங்களிலிருந்து காட்சிகளை எடுத்துச் சொல்வது. எடுத்துச் சொல்வது என்றால் எடுத்ததற்கு மேலும் சொல்வது.

கதை சொல்லச் சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

“கதை இன்னா பெரிய கதை? அண்ணன், தங்கச்சி, சாவு. அத்த எங்க ஆயாவும் சொல்லும். சீனைக் கேளு” என்பார். 1961-ல் வந்த ‘பாசமலர்’ படத்தை அவர் அந்த மூன்று சொற்களில் முடித்துவிடுவார். ஆனால் கண் தெரியாத சிவாஜி தங்கையைச் சந்திக்கும் கடைசிக் காட்சிக்கு மட்டும் அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். அதற்குள் மரத்தடியில் இரண்டு பேராவது மூக்கைச் சிந்தியிருக்க வேண்டும். யாரும் சிந்தவில்லை என்றால் தங்கச்சி மறுபடியும் முதலிலிருந்து அழத் தொடங்குவாள்.

இப்படி ஒரு மனிதரை இந்த ஊர் ஏன் உருவாக்கியது என்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் படம் பார்க்க டூரிங் டாக்கீஸ்தான். கீற்றுக் கொட்டகை, மணல் தரை, பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் வசதியுள்ளவர்களுக்குச் சேர். ஒரே ஒரு புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் ஓர் இடைவேளை வரும். இரண்டாவது ஆட்டம் முடிய நள்ளிரவு தாண்டிவிடும். மீன்பிடிக்கிறவன் கடலுக்குக் கிளம்பும் நேரமும் அதுதான். ஆகவே வில்லன் கதாநாயகியைக் கடத்திக்கொண்டு போகும் நேரத்தில் முன்வரிசையில் பாதிப் பேர் மணலைத் தட்டிவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். அவள் மீட்கப்பட்டாளா இல்லையா என்பது தெரியாமலே வலை வீசியிருக்கிறார்கள். மறுநாள் அவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டான். அன்று ராத்திரி ‘காய்ச்சல்’ என்று கடலுக்குப் போகாமல் கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டவன் அந்த வேலைக்கு வாகாக வந்து மாட்டினான். சீன் மாமாக்களின் வம்சம் அந்தக் காய்ச்சலில் பிறந்தது.

கொட்டகைக்கு வந்த பிரிண்டும் ஒழுங்காக இருந்ததில்லை. ஊர் ஊராகச் சுற்றி, கீறி, அறுந்து, ஒட்டி வரும். எம்.ஜி.ஆர் கை ஓங்குவார். அடுத்த நொடி நம்பியார் தரையில் கிடப்பார். நடுவில் விழுந்த அடி எதுவோ அதைப் பார்த்தவன் எவனுமில்லை. அந்த அடியைச் சீன் மாமா போட்டார். இன்றைக்கும் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அவருடைய பெட்டியில் முதல் இடம் ‘திருவிளையாடல்’ படத்துக்கு. ஏ.பி. நாகராஜன் எடுத்து 1965-ல் வந்த அந்தப் படத்தில் உலகம் கொண்டாடுவது நாகேஷின் தருமியை. பழவேற்காடு கொண்டாடுவது வேறொன்றை. பார்வதி மீனவர் மகளாகப் பிறந்துவிட, அவளை மணக்கச் சிவனே மீனவனாக வேடம் போட்டுக்கொண்டு கடற்கரையில் ஒரு நடை நடந்து வருவாரே, அந்தக் காட்சியை. கடவுள் தங்கள் தொழிலுக்கு வந்ததில் குப்பத்துக்கு ஏக திருப்தி. சீன் மாமா அந்த நடையை நடந்தே காட்டுவார். மார்பு முன்னே போகும், தோள் ஒரு பக்கம் சாயும், கைலி மட்டும் பின்தங்கும். சேற்றில் கால் புதையப் புதைய நடக்கும் பூநாரை போலிருக்கிறது என்று ஒரு பையன் சொல்லி உதை வாங்கியதுண்டு. பூநாரைக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வருகிற ஏரி அது. பையனுக்கு ஒப்பிடக் கையில் கிடைத்தது அதுதான்.

நடை முடிந்ததும் சுறா. படத்தில் சிவாஜி அதை அடக்கிவிட்டுக் கரையேறிவிடுவார். மாமாவின் திருவிளையாடலில் காற்று எந்தத் திக்கிலிருந்து வந்தது, நீரோட்டம் எப்படி இருந்தது, சுறாவின் வாலில் என்ன முடிச்சுப் போடப்பட்டது என்பதெல்லாம் உண்டு. சிவன் ஒரு கட்டத்தில் திணறுவதும், கரையிலிருந்து ஒரு பெரியவர் “கயித்த வுட்டுப் புடி!” என்று கத்துவதும்கூட உண்டு. அந்தப் பெரியவர் யார் என்று கேட்டால், “எங்க தாத்தா மாதிரி ஒரு ஆளு” என்பார். உள்ளதைச் சொன்னால், நாகராஜனின் சுறாவைவிட மாமாவின் சுறா நல்ல சுறா. அங்கே இருந்தது பொம்மை; இங்கே இருப்பது கடித்திருக்கிறது.

எம்.ஜி.ஆர் விஷயத்தில் இந்தச் சுதந்திரம் செல்லாது. ‘படகோட்டி’ 1964 தீபாவளிக்கு வந்தது. ‘மீனவ நண்பன்’ 1977-ல் அவர் முதலமைச்சரான பிறகு வந்தது. மீனவனாக நடித்தவர் கோட்டைக்கே போய்விட்டார் என்பதால் அந்தக் காட்சிகளை மாமா உட்கார்ந்துகொண்டு சொல்ல மாட்டார். எழுந்து நின்று, பீடியை அணைத்து, காதுக்குப் பின்னால் செருகிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். ஒருமுறை ஓர் இளவட்டம், “எல்லாஞ் சரி மாமா, வலை இழுத்துட்டு வர்றாரு, சட்டைல ஒரு செதிள்கூட ஒட்டலியே?” என்று கேட்டுவிட்டான். கூட்டம் உறைந்தது. மாமா வெகுநேரம் அவனையே பார்த்தார். பிறகு, “ஒட்டாது. அவருக்கு ஒட்டாது” என்றார். அத்தோடு அந்த விவாதம் முடிந்தது. தேர்தல்களும் அப்படித்தான் முடிந்தன.

‘எங்க வீட்டுப் பிள்ளை’யின் சாட்டைக் காட்சிக்குச் சாமான் வேண்டும். படிக்கட்டில் ஏறியும் இறங்கியும் பாடிக்கொண்டே எம்.ஜி.ஆர் நம்பியாரை விளாசுவார் அல்லவா? படிக்கட்டுக்குக் கவிழ்த்துப் போட்ட மீன் கூடைகள், சாட்டைக்குப் படகுக் கயிறு. நம்பியார் வேடம் எப்போதும் மாமாவின் மச்சானுக்கு. அது கலைக்காக மட்டும் கொடுக்கப்பட்ட வேடம் அல்ல என்றும், பழைய சீர்வரிசைப் பாக்கி ஒன்று அதில் கலந்திருக்கிறது என்றும் ஊரில் பேச்சு.

ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை இங்கே ‘பாடு’ என்ற முறையில் தலைக்கட்டுகளுக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் வந்து எழுதிக்கொண்டு போகும் அளவுக்குப் பழைய, ஒழுங்கான ஏற்பாடு. மரத்தடிக்கு மட்டும் அந்த நியாயம் கிடையாது. அங்கே வருஷம் முழுக்க மாமாவின் பாடுதான். வேறொருவன் வாயைத் திறந்தால், “நீ அந்தப் படத்த டிவிலதான பார்த்த?” என்று கேட்பார். ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் பார்த்ததெல்லாம் அவர் கணக்கில் பார்த்ததாகாது.

ஆனால் அவருடைய பாட்டில் பங்கு கேட்டு ஒரு படம் வந்தே தீரும். அது ‘மாயா பஜார்’. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை பார்ப்பதில்லை. சூளூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த மருமகன் ஒருவன் அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தால் போயிற்று. கே.வி. ரெட்டி 1957-ல் அந்தப் படத்தைத் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்தார். தெலுங்கில் அபிமன்யு நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். இரண்டிலும் என்.டி. ராமராவ்தான் கிருஷ்ணன், இரண்டிலும் சாவித்திரி, இரண்டிலும் எஸ்.வி. ரங்காராவ்தான் கடோத்கஜன். எது அசல் என்பதில் வெட்டு குத்து வரைக்கும் போகும். நிலவொளியில் காதலர்கள் படகில் போகும் பாட்டை எண்ணூர்ப் பக்கம் எடுத்ததாக ஒரு பேச்சு உண்டு. அந்த ஒரு காட்சியில் மட்டும் மாமாவும் மருமகனும் சமாதானமாகி, “தண்ணி நம்ம தண்ணிதான்” என்பார்கள். அந்த நிலவு ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லியின் கைவேலை என்பதை இருவரிடமும் சொல்ல வேண்டாம். அதையும் நம்ம நிலவு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாமா விவாதத்தில் தோற்கப்போகிறார் என்றால் உடனே கடோத்கஜனைக் கூப்பிட்டுவிடுவார். கல்யாணச் சமையலை ரங்காராவ் ஒற்றை ஆளாகக் காலி செய்வார், லட்டுகள் தாமாகவே எழும்பி அவர் வாய்க்குள் போகும். அந்தக் காட்சிக்கு எதிர்க்கட்சி கிடையாது. பசித்தவன் எவனும் வாதாட மாட்டான்.

சாப்பாட்டுக் காட்சிகளில் அவருக்கு இன்னொன்றும் உண்டு, அதில் அவர் கடுமையான விமர்சகர். பாரதிராஜாவின் ‘முதல் மரியாதை’யில் (1985) சிவாஜி, ராதாவின் குடிசையில் மீன் குழம்பு சாப்பிடுவார். நடிப்பில் மாமாவுக்குக் குறை இல்லை. “ஆனா அது ஆத்து மீனுடா. ஆத்து மீனுக்கே மனுசன் அப்படிச் சாப்டாருன்னா, நம்ம காலாவ வச்சிருந்தா?” என்று நிறுத்துவார். பிறகு படத்தை விட்டுவிட்டுக் காலா மீனையும், புளியின் அளவையும், முதல்நாள் வைத்த குழம்பின் பெருமையையும் விவரிப்பார். அன்று மதியம் பல வீடுகளில் ரசம் சோறு தட்டில் அப்படியே கிடக்கும். பெண்கள் மாமாவைத் திட்டுவதற்குச் சினிமா காரணமில்லை.

பேய்க் காட்சிக்கு இடம் மாறும். ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பாவாக நாகேஷ், அப்பா பாலையாவுக்கு ஒரு கதை சொல்லி அவரைக் கிலி பிடிக்க வைப்பார். வெறும் வாயாலும் விரலாலும் சொல்லியே ஒரு மனிதரை நாற்காலியோடு நடுங்க வைக்கும் அந்த ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் முதலாளிதான் சீன் மாமாக்களின் குலதெய்வம். அதைச் சொல்ல மாமா பிள்ளைகளை டச்சுக் கல்லறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போவார். 17-ம் நூற்றாண்டில் இங்கே கோட்டை கட்டி வணிகம் செய்த டச்சுக்காரர்கள் அங்கே புதைந்து கிடக்கிறார்கள். வாசலின் இரு பக்கமும் இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் செதுக்கப்பட்டு நிற்கின்றன. இத்தனை பொருத்தமான செட்டு ஸ்ரீதருக்கே வாய்க்கவில்லை. பிள்ளைகள் பாலையாவைவிட நன்றாக நடிப்பார்கள். பயந்து நடுங்கிய பிறகு வீட்டுக்குத் தனியாகப் போக மாட்டோம் என்று அவர்கள் அடம்பிடிக்க, ஒவ்வொருவரையும் வாசல்வரை கொண்டுபோய் விடுவது மாமாவின் பொறுப்பு. இருட்டிய பிறகு அவரைக் கொண்டுவிடுவது மச்சானின் பொறுப்பு.

இப்போது கைபேசி வந்துவிட்டது. மாமா சுறாவின் வாலில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு கல்லூரிப் பையன் யூடியூபில் அதே காட்சியைத் தேடி எடுத்து நீட்டினான். முடிச்சு இல்லை, பெரியவர் இல்லை, கயிற்றை விடச் சொன்ன குரலும் இல்லை. மாமா கண்ணைச் சுருக்கிக்கொண்டு முழுதும் பார்த்தார்.

“நல்லா வெட்டிட்டானுங்க” என்றார்.

அதற்குப் பிறகும் கூட்டம் குறையவில்லை என்பதுதான் வேடிக்கை. கைபேசி வைத்திருந்த பையனே அடுத்த வாரம் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான்.

மாமாவுக்கு உண்மையான ஆபத்து பெண்களிடமிருந்துதான், அதுவும் ‘செம்மீன்’ சொல்லும் நாளில். தகழியின் நாவலை ராமு காரியாட் 1965-ல் எடுத்த மலையாளப் படம், குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் வாங்கிய படம். கடலுக்குப் போனவன் உயிர் கரையில் இருக்கும் மனைவியின் கற்பில் இருக்கிறது என்ற நம்பிக்கைமேல் நிற்கும் கதை. பழனி நடுராத்திரி தனியாகப் போய்ச் சுறாவைத் தூண்டிலில் மாட்டி, அது இழுத்துக்கொண்டுபோய்ச் சுழலில் தள்ள, கரையில் கறுத்தம்மாவும் பரீக்குட்டியும் சந்திக்கும் அந்த முடிவை மாமா தொண்டை கம்மச் சொல்வார். நிலவுக்குப் பேர்போன அதே பார்ட்லிதான் இங்கேயும் கேமரா. ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு, “அவ ஒழுங்கா இருந்திருந்தா…” என்று முனகுவார்கள்.

போன தடவை அப்படி முனகியபோது, பக்கத்தில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்தது.

“ஏன் நைனா, அவன் ஏன் தனியா போனான்?”

“அதான் ஆயா, ஊர்ல பொண்டாட்டியப் பத்திப் பேச்சு. கூட யாரும் படகுல ஏறல.”

“அத்தினி பெரிய சுறா. படகுல ஒத்த ஆளு. கூட ரெண்டு பேரு இருந்தா வடத்த அறுத்து வுட்டிருப்பானா, மாட்டானா?”

“அறுத்து வுட்டிருப்பான்.”

“அப்ப வராம நின்ன பசங்களப் பத்தி ஒரு சீன் சொல்லு.”

மரத்தடியில் சத்தமே இல்லை. கறுத்தம்மாவைக் குறை சொன்னவர்கள் வலையில் இல்லாத ஓட்டைகளை மும்முரமாகத் தேடத் தொடங்கினார்கள். மாமா காதுக்குப் பின்னாலிருந்த பீடியை எடுத்தார், மறுபடி செருகினார். தொண்டையைச் செருமினார்.

“மாயா பஜார்ல பாரு,” என்றார், “ரங்காராவு உள்ள வர்றாரு. முன்னால லட்டு. எத்தினி லட்டு?”