முதல் பால், முதல் பாக்டீரியா

(குலசேகரம் வட்டார வாசகர்களின் கேள்விகள்)

கே: எனக்குச் சிசேரியன். பிள்ளைக்கு ‘நல்ல கிருமி’ கிடைத்திருக்காது என்கிறார்களே? (பொன்மனை)

ப: பாதிதான் உண்மை. சுகப்பிரசவத்தில் தாயின் குடல் பாக்டீரியாக்கள் பிள்ளைக்குக் கைமாறுகின்றன. 2019-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு, 596 குழந்தைகளின் மலத்தைச் சோதித்தது. சிசேரியன் குழந்தைகளிடம் பாக்டீராய்டிஸ் என்ற குடல் பாக்டீரியா குறைவு. மருத்துவமனைகளில் திரியும் என்டரோகாக்கஸ், கிளெப்சியெல்லா கிருமிகள் அதிகம். ஆனால் 6 முதல் 9 மாதத்துக்குள் பாக்டீராய்டிஸ் தவிர மற்ற வித்தியாசங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. மனசைப் போட்டு அலட்டாதீங்க மக்களே.

கே: ஜோசியர் குறித்த நேரத்தில் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாமா? (திருவட்டாறு)

ப: வேண்டாம். ஆபரேஷன் தேவையா என்று டாக்டர் சொல்லட்டும். தேவையில்லை என்றால் நேரத்தைப் பிள்ளையே குறிக்கட்டும். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8. உயிர் காக்கும் கத்தியை நாள் பார்த்து எடுக்கக் கூடாது.

கே: ஆபரேஷனுக்கு முன்பு ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். பிள்ளையைப் பாதிக்குமா? (அருமனை)

ப: கொஞ்சம் மருந்து தொப்புள்கொடி வழியே பிள்ளைக்கும் போகும். ஆனால் தாயின் புண் சீழ் பிடிக்காமல் இருக்க அந்த ஊசி அவசியம். அதேபோல, பிறந்த பிள்ளைக்கு ரத்தத்தில் கிருமி பரவினால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம். அப்போது டாக்டர் போடும் ஆன்டிபயாடிக்கைத் தடுக்கவே கூடாது. தடுக்க வேண்டியது வேறு: சளிக்கெல்லாம் மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்குவதும், மூத்த பிள்ளைக்கு வாங்கி மிச்சமான பாட்டிலைத் திறப்பதும். சளியை உண்டாக்கும் வைரஸ் அதற்குச் சாகாது; குடலின் நல்ல பாக்டீரியாதான் சாகும். அது மீண்டு வர வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும்.

கே: எங்கள் ரப்பர் தோட்டத்துத் தேன், கலப்படமே இல்லை. பேரன் நாக்கில் ஒரு துளி தடவினால் என்ன? (பேச்சிப்பாறை)

ப: பேரனுக்கு ஒரு வயது ஆகும்வரை கூடவே கூடாது, பாட்டி. தேனின் சுத்தத்தில் எனக்குச் சந்தேகமில்லை. சுத்தமான தேனிலும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். நம் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அவற்றை முளைக்க விடாது. பச்சிளம் குடலில் அந்தக் காவல் இன்னும் அமையவில்லை. வித்து முளைத்து விஷம் கக்கினால் மலச்சிக்கல் வரும், அழுகைச் சத்தம் குறையும், கைகால் துவளும், மூச்சும் நிற்கலாம். தேனைக் காய்ச்சினாலும் வித்து சாகாது. சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும் வேண்டாம்.

கே: நல்ல பாக்டீரியாவைச் சொட்டு மருந்தாகவே கொடுத்துவிடலாமே? (திற்பரப்பு)

ப: ஒடிஷாவில் அப்படிக் கொடுத்தே பார்த்தார்கள். பினாகி பாணிக்ராஹி குழுவின் ஆய்வு 2017-இல் வெளியானது. கிராமங்களில் தாய்ப்பால் குடிக்கும் 4,556 பச்சிளம் குழந்தைகளில் ஒரு பாதிக்கு ஒரு வகை லாக்டோபேசில்லஸையும் அதற்கான உணவையும் ஏழு நாள் கொடுத்தார்கள். ரத்தத்தொற்றோ மரணமோ நேர்ந்தது மற்றவர்களில் 9 சதவீதம், இவர்களில் 5.4. பெரிய சாதனைதான். ஆனால் அது குறிப்பிட்ட ஒரு ரகத்தின் பலன். கடையில் கிடைக்கும் எல்லாப் பொட்டலத்துக்கும் அது பொருந்தாது. டாக்டர் சொல்லாமல் வாங்காதீர்கள்.

கே: அப்படியானால் சிசேரியன் பிள்ளைக்கு வீட்டில் என்னதான் செய்வது? (குலசேகரம்)

ப: தாய்ப்பால் கொடுங்கள். அதிலுள்ள சிலவகைச் சர்க்கரைகள் பிள்ளைக்குச் செரிக்காது. அவை பைஃபிடோபாக்டீரியா என்ற நல்ல பாக்டீரியாவுக்கென்றே தாய் விரிக்கும் பந்தி. முதுகுத்தண்டில் ஊசி போட்டுச் செய்யும் ஆபரேஷனில் தாய் விழித்தே இருப்பார்; முதல் ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் போடச் சொல்லிக் கேளுங்கள். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தையல் வலியோடு இருப்பவரைத் தூக்கி உட்காரவைக்க, பிள்ளையை எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். அந்த வேலை கணவருக்கும் மாமியாருக்கும்.