புது வண்டியைப் புதிதாக்கும் உத்தியோகம்

அல் கூஸ், துபாய்

மதிப்புக்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

சென்ற கடிதத்தில் தாங்கள் கேட்டிருந்த கேள்வியை, கேட்ட தொனியோடு சேர்த்து நான் நன்றாகவே புரிந்துகொண்டேன். வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத வண்டியைக் கழுவித் துடைப்பதற்காக நாலைந்து நாள் ஒரு கொட்டகையில் விட்டுவைத்து, அதற்கென்று என் பல மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகையையும் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிற மனிதர்கள் மெய்யாகவே உண்டா, அல்லது வீட்டாரைச் சமாதானப்படுத்துவதற்காக நான் கட்டிவிட்ட கதையா என்பதுதானே தங்கள் சந்தேகம்? உண்டு, பெரியப்பா. அப்படிப்பட்ட ஒரு வண்டியோடு நேற்று மாலை வரையில் சகவாசம் செய்துவிட்டு வந்துதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வந்தது ரோல்ஸ் ராய்ஸ் கல்லினன். 1905-இல் தென்னாப்பிரிக்காவில் அகப்பட்ட 3,106 காரட் வைரத்தின் பெயரைச் சூட்டி, 2018-இல் அந்த வண்டியை உலகத்துக்கு அறிமுகம் செய்தார்கள். பன்னிரண்டு சிலிண்டர், இரண்டரை டன்னுக்கு மேற்பட்ட சரீரம், நிறமோ கன்னங்கறுப்பு. ஓடியிருந்த தூரத்தைப் பார்த்தால், மன்னார்குடியிலிருந்து சென்னைக்கு ஒரு தடவை போய்த் திரும்பியிருந்தாலே அதைத் தாண்டியிருக்கும். வெள்ளை வெளேரென்ற கந்தூரா அணிந்த அதன் சொந்தக்காரர், மிகவும் மரியாதையுள்ள கனவான், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பெருமூச்சு விட்டு, “பழசாகிவிட்டது” என்றார்.

அவர் சொன்னது பொய்யல்ல. கொட்டகை விளக்குகளை அணைத்துவிட்டு, கையிலுள்ள சிறு விளக்கின் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பார்த்தபோது, கதவிலும் பானெட்டிலும் வட்ட வட்டமாக ஆயிரக்கணக்கான நுண்ணிய கீறல்கள் கண்ணில் பட்டன. இவற்றைச் செய்தவர் யாரென்று நினைக்கிறீர்கள்? திருடனுமல்ல, பகையாளியுமல்ல, வண்டியைத் தினந்தோறும் சுத்தம் செய்தவரே. இந்த ஊர் அடுக்குமாடிக் கட்டடங்களின் அடித்தளத்துக்கு விடியுமுன் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துணியுமாக வந்து, மாதக் கூலிக்காக, வரிசையாக நிற்கிற வண்டிகளையெல்லாம் அந்த ஒரே துணியால் துடைத்துவிட்டுப் போகிற ஏழைகள் உண்டு. பொது இடத்தில் அழுக்கேறிக் கிடக்கிற வண்டிக்கு 500 திர்ஹம் அபராதம் விதிக்கிற நகரமாகையால் அவர்களுடைய சேவைக்கு எப்போதும் கிராக்கிதான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு வேறென்ன செய்துவிட முடியும்? ஆனால் இங்கே காற்றில் பறக்கிற மணலில் கண்ணாடியையே கீறிவிடக்கூடிய குவார்ட்ஸ் கலந்திருக்கிறது. அது வண்டியின்மேல் தன்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிற வரையில் பரம சாது. பக்தி சிரத்தையோடு ஒருவர் அதைத் துணியால் அழுத்தித் தேய்க்கும்போதுதான் அதன் சுயரூபம் வெளிப்படுகிறது. வண்டியைக் கெடுப்பது தூசியல்ல, துடைக்கிற கைதான் என்பது இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு எனக்கு ஏற்பட்டிருக்கும் அசைக்க முடியாத அபிப்பிராயம்.

இதில் இன்னொரு விசேஷமும் இருக்கிறது. பெயின்டின் கனத்தை அளக்க உள்ளங்கையளவு கருவி ஒன்று வைத்திருக்கிறோம். சாதாரணமாக ஒரு காரின்மேல் உள்ள பெயின்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்து நூற்றுச் சொச்சம் மைக்ரான் இருக்கும். அதில் பளபளப்பைத் தருகிற மேல் அடுக்கு நாற்பது ஐம்பது மைக்ரான்தான். மனிதருடைய தலைமயிரின் கனமோ எழுபது மைக்ரான் அளவில் வரும். கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய வண்டியின் காந்தி முழுவதும் ஒரு மயிரிழையைவிட மெல்லிய ஏட்டின்மேல் நிற்கிறது. அந்த ஏட்டிலிருந்தும் இரண்டு மூன்று மைக்ரானைச் சுரண்டித்தான் நாங்கள் கீறலைப் போக்க வேண்டும் என்றால், இது வெறும் கழுவித் துடைக்கிற காரியமல்ல என்பது தங்களுக்கு விளங்கும்.

முதலில் ஸ்நானம். நுரையைத் துப்பாக்கியால் பீச்சியடித்து வண்டியை முழுவதும் மூடி, அழுக்கு ஊறிக் கீழே வடியும் வரையில் யாரும் தொடாமல் காத்திருக்க வேண்டும். அந்தக் கோலத்தில் அதைப் பார்த்தபோது, பங்குனி உற்சவத்தில் வெண்ணெய்த்தாழியன்று, ஜனங்கள் நாலா பக்கமும் வீசுகிற வெண்ணெயில் திருமேனி மறைந்து எழுந்தருளுகிற நம் ஊர்க் கிருஷ்ணன் ஞாபகம் எனக்கு வந்தது. உடனே அபசாரம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகு இரண்டு வாளிகள்: ஒன்றில் ஷாம்பூ கலந்த தண்ணீர், மற்றதில் துணியை அலசுவதற்கு வெறும் தண்ணீர். தண்ணீர் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. இந்த ஊருக்கு ஆறு கிடையாது. கடலை இறைத்து, உப்பைப் பிரித்து, குடிதண்ணீர் செய்கிறார்கள். மனிதர் குடிப்பதற்கு அது போதும். கல்லினன் குளிப்பதற்குப் போதாது. காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழுமென்று, அந்தத் தண்ணீரை இன்னொரு யந்திரத்தில் விட்டு, மிச்சமுள்ள தாதுக்களையும் நீக்கிய பிறகே கடைசி அலசலுக்கு உபயோகிக்கிறோம். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்குமா திறக்காதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தங்களிடம் இதைச் சொல்லவே கூச்சமாயிருக்கிறது.

கொட்டகையில் ஏஸி இருக்கிறதா என்று பெரியம்மா கேட்டிருந்தார்கள். பேஷாக இருக்கிறது, ஆனால் எங்களுக்காக அல்ல. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரையில் மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரைக்கும் திறந்த வெயிலில் ஆளை வேலை வாங்கக் கூடாதென்று இங்கே சட்டம் உண்டு. வண்டிகளுக்கு அப்படிச் சட்டம் எதுவும் கிடையாது. ஆயினும் தகடு சூடேறினால் ஷாம்பூவும் பாலிஷும் பட்ட இடத்திலேயே காய்ந்து திட்டாகிவிடுமாகையால், வண்டிக்காகக் குளிரூட்டுகிறார்கள்; அதன் புண்ணியத்தில் நாங்களும் குளிர்ந்துகொள்கிறோம்.

குளித்த வண்டி சுத்தமான வண்டியல்ல. பிரேக்கிலிருந்து தேய்ந்து பறக்கிற இரும்புத் துகள்கள் பெயின்டில் குத்திக்கொண்டு, எத்தனை கழுவினாலும் போகாமல் நிற்கும். அதற்கென்று ஒரு திரவத்தைத் தெளித்தால் இரும்பு உள்ள இடமெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் கரைந்து ஒழுகும். கூடவே நின்றுகொண்டிருந்த மலப்புரத்து டிரைவர் அதைப் பார்த்து, வண்டிக்கு என்னவோ ஆகிவிட்டதென்று பதறிப்போனார். அந்தத் திரவத்தின் நாற்றத்தை வர்ணிக்க என்னால் இயலாது. அழகு நிலையங்களில் கூந்தலைச் சுருட்டுவதற்குத் தடவுகிற மருந்தின் உறவுக்காரச் சரக்கு அது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கப்புறம் ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்த ஒருவகைக் களிமண்ணைப் பிசைந்து, வழுவழுப்பான நீரைத் தெளித்துக்கொண்டு, வண்டி முழுவதும் மெள்ள மெள்ள இழுக்க வேண்டும். முதலில் சொரசொரவென்று சத்தம் கேட்கும். அழுக்கெல்லாம் மண்ணில் ஏறியதும் சத்தம் நின்றுவிடும். அந்தக் களிமண் கை தவறித் தரையில் விழுந்தால் எடுத்துத் தட்டிவிட்டு உபயோகிக்கலாகாது. தயை தாட்சண்யமின்றிக் குப்பைத் தொட்டிதான்.

இனிமேல்தான் மெய்யான வேலை ஆரம்பம். விளிம்புகளுக்கும் ரப்பர்களுக்கும் நீல நாடா ஒட்டிவிட்டு, சுழன்றுகொண்டே அதிர்கிற பாலிஷ் மெஷினைப் பிடித்து, முழ அகலம் முழ நீளமாக ஒவ்வொரு பகுதியையும் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, துடைத்து, விளக்கடித்துப் பார்த்து, கீறல் மிச்சமிருந்தால் திரும்பவும் தேய்த்துக்கொண்டு போக வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற உத்தியோகமல்ல. இந்த வண்டியின் பக்கவாட்டில் முன்னிருந்து பின் வரையில் மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது. அது இங்கிலாந்தில் குட்வுட் என்னுமிடத்திலுள்ள தொழிற்சாலையில், அணில் மயிர்த் தூரிகையால், கையை நடுங்கவிடாமல் ஒரு மனிதர் இழுத்த கோடு. எங்கள் மெஷின் தவறிப்போய் அதன்மேல் பட்டுவிட்டால் கோடும் போய்விடும், என் உத்தியோகமும் போய்விடும். ஆகையால் அதன்மேல் நாடா ஒட்டுகிறபோது மட்டும் கொட்டகையில் யாரும் பேசுவதில்லை.

சக்கரங்களின் நடுவே இரண்டு ‘ஆர்’ எழுத்துகள் பொறித்த வட்டத் தகடு இருக்கிறது. சக்கரம் எப்படிச் சுழன்றாலும், எங்கே நின்றாலும், அந்த எழுத்துகள் தலை நிமிர்ந்தே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஓட்டுகிறவருக்கு அது கௌரவம், துடைக்கிறவனுக்கோ சோதனை. துணியை வைத்து அழுத்தினால் வழுக்கிச் சுழன்றுவிட்டு, விட்டவுடன் ஒன்றும் நடவாததுபோல் நிமிர்ந்துகொள்கிறது. பானெட்டின் உச்சியில் நிற்கிற, சார்லஸ் சைக்ஸ் என்னும் சிற்பி 1911-இல் வடித்துக் கொடுத்த சிறகு விரித்த நங்கையும் சுலபத்தில் வசப்படுகிறவள் அல்ல. யாராவது முரட்டுத்தனமாகக் கை வைத்தால் உள்ளே இறங்கி மறைந்துவிடுகிறாள். டிரைவரைக் கூப்பிட்டு மறுபடியும் எழுந்தருளச் செய்து, மெல்லிய தூரிகையால் சிறகிடுக்கில் இருந்த மணலை எடுத்தேன்.

உள்ளே ஏறுவதென்றால் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவோம். ஆட்டுக்குட்டி ரோமத்தால் நெய்த கம்பளத்தில் கணுக்கால் வரை புதைகிறது. இருக்கைகள் காளைத்தோல், பசுவின் தோலில் கன்று ஈன்ற சுருக்கம் தெரியுமென்று அதை வேண்டாமென்கிறார்களாம். காரணம் எதுவானாலும் பசு தப்பித்ததைப் பெரியம்மாவிடம் அவசியம் சொல்லவும். மேலே கூரையில் ஒளியிழைகளை ஏராளமாகக் கையால் கோத்து நட்சத்திர ஆகாயம் ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். கதவிடுக்கில் ஒரு குடை. வருஷத்தில் சில நாளே மழை பெய்கிற தேசத்தில் அந்தக் குடையை விரித்து, தூசி தட்டி, திரும்பவும் சொருகுவதும் என் கடமைகளில் ஒன்று.

எல்லாம் முடிந்த பிறகு பாதுகாப்பு. கல் தெறிக்கக்கூடிய முன்பக்கத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிளாஸ்டிக் பிலிம். வியட்நாம் யுத்த காலத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர்களின் விசிறிகளைப் பறந்துவந்து மோதும் துகள்களிலிருந்து காப்பதற்காகப் பிறந்த சரக்கின் வம்சம் அது. மற்ற இடங்களுக்குச் செராமிக் கோட்டிங்: சிறு புட்டியிலிருந்து சில சொட்டுகளைத் துணியில் விட்டு, தடவி, வானவில் நிறம் தெரிகிற சமயம் பார்த்து ஒற்றியெடுக்க வேண்டும், ஒரு நிமிஷம் பிந்தினால் திட்டு நின்றுவிடும். பழைய காலத்து மனிதர்கள் இன்னமும் பிரேஸில் தேசத்துப் பனையோலையிலிருந்து எடுக்கிற கார்னோபா மெழுகைத்தான் கேட்டு வாங்குவார்கள். குழந்தைகள் தின்கிற மிட்டாய்க்குப் பளபளப்பு ஏற்றுவதும் அதே மெழுகுதான்.

நேற்று மாலை சொந்தக்காரர் வந்தார். வண்டியின் கதவில் தம் முகத்தைப் பார்த்தார், மீசையைச் சரிசெய்துகொண்டார், “இப்போதுதான் புதுசு” என்றார். எங்கள் தொழிலின் துர்ப்பாக்கியம் அதில்தான் இருக்கிறது: வேலை எவ்வளவுக்கெவ்வளவு நேர்த்தியோ, அவ்வளவுக்கவ்வளவு ஒன்றுமே செய்யாததுபோல் தோன்றும். அவர் புறப்படுகிற நேரத்தில் ஷமால் காற்று கிளம்பிப் பானெட்டின்மேல் மெல்லிய மணலைத் தூவியது. உடனே மலப்புரத்துக்காரர் பரம விசுவாசத்தோடு டிக்கியைத் திறந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்தார். கொட்டகையிலிருந்த அத்தனை பேரும், முதலாளி உட்பட, “ஐயோ” என்று அவரவர் பாஷையில் கத்திக்கொண்டு ஓடிப்போய் அந்தத் துணியைப் பிடுங்கிக்கொண்டோம். சொந்தக்காரர் சிரித்துவிட்டு ஏறிப் போய்விட்டார். அவருடைய எண்பலகை சாதாரணமான ஐந்திலக்க எண்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் 2023 ஏப்ரலில் இந்த ஊர் ஏலத்தில் ‘பி 7’ என்னும் எண்பலகை ஐந்தரைக் கோடி திர்ஹத்துக்கு விலை போயிற்று. அந்தப் பணம் அன்னதானத்துக்குப் போயிற்று என்பதால் நான் அதைப் பற்றி வாய் திறப்பதற்கில்லை.

தாங்கள் வாடகைக்கு ஓட்டிய அம்பாஸடரைப் பாமணி ஆற்றுப் படித்துறையில் இறக்கித் தேங்காய் நாரால் தேய்த்ததும், துடைத்த துணியிலெல்லாம் வண்டியின் பச்சை நிறம் ஒட்டிக்கொண்டு வந்ததும் எனக்கு மறக்கவில்லை. அந்தக் காலத்துப் பெயின்டுக்கு மேல் அடுக்கு என்று தனியாக ஒன்று கிடையாது; தேய்க்கத் தேய்க்கப் புதிய நிறம் மேலே வரும்; அந்த நாருக்கு அது தாங்கிற்று. இக்காலத்து வண்டிகள் அவ்விதமல்ல. தம்பி தவணையில் வாங்கியிருக்கிற காரைத் தாங்கள் தினமும் விடியற்காலையில் பழைய வேட்டிக் கிழிசலால் தூசி தட்டி மெருகேற்றுவதாகப் பெரியம்மா தொலைபேசியில் பெருமையோடு சொன்னார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: துணியைத் தொடுமுன் தாராளமாகத் தண்ணீர் விடுங்கள், மேலிருந்து கீழாகக் கழுவுங்கள், சக்கரம் துடைத்த துணியைக் கதவுக்குக் கொண்டுபோக வேண்டாம், பாத்திரம் தேய்க்கிற சோப்பு கூடவே கூடாது, வெயில் ஏறிய பிறகு வண்டியின் பக்கமே போக வேண்டாம். அடுத்த மாதம் ஊருக்கு வருகிற நீடாமங்கலத்து நண்பரிடம் ஒரு கட்டு மைக்ரோஃபைபர் துணி கொடுத்தனுப்புகிறேன். பெரியம்மா அவற்றைச் சமையலறைக்கு எடுத்துக்கொண்டுவிடாதபடி தாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் பிரியமுள்ள தம்பி மகன்