தாஷ்கண்டில் பிறந்தவர்கள்

கேள்வி: தாஷ்கண்ட் என்றாலே இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியின் மரணம்தான் நினைவுக்கு வருகிறது. அந்த ஊரில் யாரும் பிறக்கவே இல்லையா?

பதில்: பிறந்திருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் சென்னைக்காரர் ஒருவரை உலக சதுரங்க சாம்பியனாக நீடிக்க வைத்ததில் பங்குள்ளவர். 1979இல் தாஷ்கண்டில் பிறந்த ருஸ்தம் காசிம்ஜானோவ், 2004இல் ஃபிடே உலக சாம்பியன். விஸ்வநாதன் ஆனந்த் 2008, 2010, 2012 பட்டப் போட்டிகளில் வென்றபோது அவரது உதவிக்குழுவில் இருந்தார். அதே ஊரில் 2004இல் பிறந்த நோதிர்பெக் அப்துசத்தோரோவ் 17 வயதில் உலக ரேபிட் சாம்பியன் ஆனார். 2022இல் மாமல்லபுரத்து ஒலிம்பியாடில் தங்கம் வென்ற உஸ்பெக் அணியின் முதல் பலகையும் அவருடையதே.

உஸ்பெக் மொழியின் முதல் நாவலாசிரியர் அப்துல்லா காதிரிக்கு தாஷ்கண்ட் பிறந்த ஊர், இறந்த ஊர் இரண்டும். 1894இல் பிறந்தார், ஸ்டாலின் காலக் களையெடுப்பில் 1938 அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓர் இலக்கியத்துக்கே நேர்ந்த பேரிழப்பு அது.

சாஸ்திரியின் கதை வேறு. பாகிஸ்தான் அதிபர் அயூப்கானுடன் 1966 ஜனவரி 10 அன்று அங்கே அமைதி உடன்பாட்டில் கையெழுத்திட்டவர், 11ஆம் தேதி அதிகாலை காலமானார். மாரடைப்பு என்பதே அதிகாரபூர்வ விளக்கம். சில மாதங்களுக்கு முன்புவரை போர்க்களத்தில் எதிரியாக இருந்த அயூப்கானே, சோவியத் பிரதமர் கோசிகினுடன் சேர்ந்து சாஸ்திரியின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார். தாஷ்கண்டில் சாஸ்திரி பெயரில் ஒரு தெருவும் மார்பளவுச் சிலையும் உள்ளன.