பள்ளி பூட்டியபோது ஏறிய எடை

கேள்வி: கொரோனா ஊரடங்கில் என் பையனுக்கு ஏறிய எடை இறங்கவே இல்லை. ‘எல்லாம் நீ கொடுத்த செல்லம்’ என்கிறார் மாமியார். தப்பு என்னுடையதா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: இல்லவே இல்லை. உங்கள் செல்லம் இங்கிலாந்துக்குமா போயிற்று? அங்கே அரசுப் பள்ளிகளில் ஆண்டுதோறும் பிள்ளைகளை எடை பார்க்கிறார்கள். 2019-20இல் 10, 11 வயதினரில் 21 சதவீதம் பேருக்கு உடல் பருமன். அடுத்த ஆண்டே அது 25.5. நான்கைந்து வயதுக் குழந்தைகளிடம் 9.9 சதவீதம் 14.4 ஆனது.

தமிழ்நாட்டில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை பள்ளி திறந்ததே 2021 நவம்பர் 1ஆம் தேதிதான். அதுவரை இடைவேளை ஓட்டம் இல்லை, சாயங்கால கிரிக்கெட் இல்லை, நேரத்துக்குத் தூக்கமும் இல்லை. பாடம் செல்போனில், முறுக்கு டப்பா கைக்கெட்டும் தூரத்தில். குழந்தை என்னதான் செய்யும்?

அவனைப் பட்டினி போடாதீர்கள். ‘குண்டா’ என்று யாரும் கூப்பிட விடாதீர்கள். அந்தக் காயம் எடையைவிடக் கனமானது. வளர்கிற வயதில் எடை மேலும் ஏறாமல் பார்த்துக்கொண்டாலே பல பிள்ளைகளுக்கு உயரம் கூடக்கூடச் சரியாகிவிடும். குளிர்பானத்தை வீட்டில் எல்லோருக்குமே நிறுத்துங்கள். குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். மாலையில் அவனோடு நடக்கப் போங்கள், மாமியாரையும் அழைத்துக்கொண்டு!